பாவித்த எஞ்சின் மாற்றுதல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து கராஜுக்கு வருகிறவர்களின் கேள்வியே மாறிப்போனது. முன்பெல்லாம் "அண்ணை, இதைக் குடுத்திட்டு எதை எடுக்கலாம்?" என்பார்கள். பிறகு "இதையே இன்னும் பத்து வருசம் ஓட்ட என்ன வழி?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோதும், வரியோடு சேர்ந்த விலையைப் பார்த்துப் பலர் திரும்பிவிட்டார்கள். ஆகவே இருபது வருசம் பழைய கொரோலாவும் டவுன் ஏஸும் இன்னும் எங்கள் வீதிகளில் ஓடத்தான் போகின்றன. அவற்றுக்குக் குறைந்த ஓட்டமுள்ள பாவித்த எஞ்சின் மாற்றுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் கொக்குவிலில் வேலை செய்கிறேன். எழுதியிருப்பவை பெற்றோல் கார்களுக்கும் சிறிய டீசல் வான்களுக்கும் பொருந்தும்.

ரீகண்டிஷன் எஞ்சின் என்றால் புதுப்பித்த எஞ்சின்தானே?

இல்லை. யப்பானில் இருந்து வந்த பாவித்த கார் எதையும் ரீகண்டிஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், எஞ்சினுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு காரில் ஓடியது, கழற்றப்பட்டது, கொள்கலனில் ஏறி வந்தது, அவ்வளவுதான். இடையில் யாரும் அதைத் திறந்து பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்கை மாற்றவில்லை. சில கடைகளில் கழுவிச் சில்வர் பெயின்ற் அடித்து வைத்திருப்பார்கள். அப்படிப் பளபளக்கும் எஞ்சினைவிட, ஒயில் தூசியோடு வந்தபடியே கிடக்கும் எஞ்சினில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். எங்கே கசிந்தது என்பதை அந்த அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

"லோக்கல் எஞ்சின்" என்று விற்பது இங்கேயே விபத்தில் அடிபட்ட, அல்லது உடைத்து விற்ற வாகனத்தில் இருந்து எடுத்தது. மலிவு. ஆனால் அதுவும் எங்கள் வெயிலிலும் எங்கள் தண்ணீரிலும் ஓடியதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

என் எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? மெக்கானிக் "மாத்துங்கோ" என்கிறார்.

ஒரு வாய்ச்சொல்லை வைத்து எஞ்சின் மாற்றாதீர்கள். புகை வந்தாலே எஞ்சின் போய்விட்டது என்பதில்லை. காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து, ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்தான் காய்ந்திருக்கும். அது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் செய்யும் சின்ன வேலை. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க நீலப் புகை கூடினால் றிங், சிலிண்டர் தேய்வைச் சந்தேகிக்கலாம். கரும்புகை எரிபொருள் கூடிப்போனதன் அடையாளம். ஏர் பில்ரரும் இன்ஜெக்ரரும் பார்க்க வேண்டும். நிற்காத வெள்ளைப் புகையும் குறைந்துகொண்டே போகும் தண்ணீரும் சேர்ந்தால் ஹெட் கஸ்கெற் போயிருக்கும்.

ஒயில் குறைவதையும் அளந்து பாருங்கள். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை பொறுக்கலாம் என்று பல தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் குறைவாகக் காட்டினால், அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கஸ்கெற்றிலோ கோளாறு, அதற்கு எஞ்சின் மாற்றத் தேவையில்லை. இந்தச் சோதனைக்கு அரை மணித்தியாலம் போதும். அதைச் செய்து இலக்கங்களை எழுதித் தராத இடத்தில் எஞ்சினை இறக்க விடாதீர்கள்.

பிரித்துச் செய்வதா, பாவித்ததை மாற்றுவதா?

என் கருத்தில், சந்தையில் நல்ல எஞ்சின் தாராளமாகக் கிடைக்கும் வாகனத்துக்கு மாற்றுவது நல்லது. டொயோட்டாவின் 1 என்.இசட். பெற்றோல் எஞ்சின் போட்ட விட்ஸ், அக்சியோ, புரொபொக்ஸ் எல்லாம் இந்த வகை. பிரித்துச் செய்தால் லேத் வேலை, ஓவர் சைஸ் பிஸ்ரன், றிங், பெயறிங், கஸ்கெற் செற் என்று கணக்கு நீளும். சிலிண்டரைக் குடைந்து போர் அடித்தவரின் கை சரியில்லாவிட்டால் அத்தனையும் வீண்.

ஆனால் பழைய டீசல் வான்களில் நிலைமை வேறு. அவற்றுக்கு நல்ல பாவித்த எஞ்சின் வருவது குறைந்துவிட்டது. வருவதும் எத்தனை வருசம் கிடந்து வந்தது என்று தெரியாது. எஞ்சினின் உடலான புளொக் நல்ல நிலையில் இருந்து, கையில் நம்பகமான லேத்காரர் இருந்தால், உங்கள் எஞ்சினையே பிரித்துச் செய்யலாம். அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும், அதுவே பெரிய விசயம்.

விலை இங்கே எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டியபோது, திங்கட்கிழமை சொன்ன எஞ்சின் விலை வெள்ளிக்கிழமை இருக்கவில்லை. மூன்று இடத்தில் கேளுங்கள். கேட்கும்போது எஞ்சினின் விலையை மட்டும் கேட்காமல், எல்லாம் போட்டு ஓட்டிக்கொண்டு போவதற்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

பழைய எஞ்சின் ஏன் போனது என்று பார்ப்பது அவசியமா? அதைத்தான் எறியப் போகிறோமே?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். இதற்கு விடை தெரியாமல் எஞ்சின் மாற்றினால், பழையதைக் கொன்றது எதுவோ அதுவே புதியதையும் கொல்லும்.

2004இல் என் சொந்த டவுன் ஏஸின் 2சி டீசல் எஞ்சின் சூடேறி ஹெட் வெடித்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்திருந்த காலம். கொழும்பில் நல்ல எஞ்சின் ஒன்று பார்த்து எடுத்து வந்தேன். கொம்பிறெசன் நன்றாக இருந்தது, விற்றவரும் நேர்மையாகத்தான் தந்தார். பழைய றேடியேற்றரை வெளியால் கழுவி அப்படியே போட்டேன். நாலாம் மாதம் பரந்தன் தாண்டும்போது சூடு காட்டும் முள் மேலே போனது. வண்டியை ஓரம் கட்டி மூடியைத் திறக்கக் காத்திருந்த அந்த ஒரு மணித்தியாலம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. றேடியேற்றரைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழாய் வெள்ளைக் கல்லால் அடைபட்டிருந்தது. ஒரு நல்ல எஞ்சினை நான் அப்படித்தான் இழந்தேன்.

அந்த வெள்ளைக் கல்லை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கேத்திலுக்குள் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கொதிக்கும் இடத்தில் கரைந்தது மறுபடி கல்லாகப் படிகிறது. கேத்திலில் படிந்தால் சுரண்டலாம். எஞ்சினில் அது படிவது ஹெட்டில் வால்வுகளைச் சுற்றி, மிகவும் சூடான இடத்தில். அங்கே ஒரு மெல்லிய படை படிந்தாலே சூடு தண்ணீருக்குப் போகாமல் தடைப்படும். கடலோரக் கிணறுகளில் உப்பும் சேர்வதால் அலுமினியம் அரிக்கும். யப்பானில் கூலன்ற் விட்டு ஓடிய எஞ்சினுக்குள் முதல் நாளே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

ஆகவே பழைய எஞ்சினை இறக்கியதும் வோட்டர் பம்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். துருவும் கல்லும் இருந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. ஒயில் மூடிக்குள் கரும்பசை திரண்டிருந்தால் ஒயில் காலத்துக்கு மாற்றவில்லை. ஏர் பில்ரர் பெட்டியின் கிளிப் உடைந்து தூசி உள்ளே போயிருந்தால் அதுவே றிங்கைத் தின்றிருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், பிறகு எஞ்சின் தேடலாம்.

யப்பானில் மட்டும் எப்படிக் குறைந்த ஓட்டத்தோடு எஞ்சின் கிடைக்கிறது?

அங்கே புதுக் காருக்கு மூன்றாம் வருசமும், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒரு தடவையும் கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. "சாக்கென்" என்பார்கள். வரி, காப்புறுதி, திருத்தவேலை எல்லாம் அந்த நேரத்தில் சேர்ந்து வரும். கார் பழசாகப் பழசாக அந்தச் செலவு காரின் பெறுமதியை நெருங்கும். அப்போது நன்றாக ஓடுகிற காரையே கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான பயணத்துக்கு ரயில் இருப்பதால் கார் ஓட்டமும் குறைவு. பாவித்த எஞ்சின் தரமானது என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான். அதற்காக வந்திறங்கும் ஒவ்வொரு எஞ்சினும் நல்லது என்றில்லை.

"முப்பதாயிரம்தான் ஓடினது" என்கிறார் கடைக்காரர். எப்படி நம்புவது?

கிலோமீற்றர் காட்டும் கருவி டாஷ்போர்ட்டில் இருக்கிறது, எஞ்சினில் இல்லை. தனி எஞ்சினைப் பார்த்து யாராலும் ஓட்டத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் தெரியாது. முன்பாதியை வெட்டி எடுத்த ஹாஃப் கட்டோடு மீற்றரும் வந்திருந்தால் ஓரளவு பேசலாம். மற்றபடி எஞ்சினே சொல்லும் அடையாளங்களைத்தான் தேட வேண்டும்.

முதலில் ஒயில் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். உலோகம் வெளிறிய நிறத்தில் அல்லது இளம் தேன் நிறத்தில் தெரிந்தால் நல்லது. கடும் கபில நிறம் ஒட்டியிருந்தால் நிறைய ஓடியது, அல்லது ஒயில் மாற்றாமல் ஓடியது. கரும்பசை திரண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பால் கலந்த தேநீர் மாதிரிக் குழம்பு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சின் என்றால் கவரின் மேல் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். யப்பான் கராஜுகளில் பெல்ற் மாற்றினால் திகதியும் ஓட்டமும் எழுதி ஒட்டும் வழக்கம் உண்டு. வருசம் அவர்களுடைய முறையில் இருக்கும். ஹெய்செய் கணக்கில் வருசத்தோடு 1988ஐக் கூட்டுங்கள். 22 என்று இருந்தால் 2010. ரெய்வா கணக்கில் 2018ஐக் கூட்டுங்கள். அந்த ஸ்ரிக்கரில் 98,000 என்று இருந்தால் முப்பதாயிரம் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் அப்படி ஸ்ரிக்கர் ஒட்டிய எஞ்சினை நான் விரும்பி எடுத்திருக்கிறேன். காலத்துக்குப் பெல்ற் மாற்றியவர் ஒயிலும் காலத்துக்கு மாற்றியிருப்பார். ஒழுங்காகப் பராமரித்த ஒரு லட்சம், கவனிக்காத நாற்பதாயிரத்தைவிட மேல்.

பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நாலும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் ஒயில் குடிக்கிறது. எஞ்சினின் முன்னால் உள்ள கிராங்க் புலிச் சக்கரத்தில் ஸ்பனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் வேண்டாம். வோட்டர் பம்ப் வாயில் விரல் விட்டுப் பாருங்கள். கூலன்றின் நிறம் இன்னும் ஒட்டியிருந்தால் அது நல்ல வீட்டுப் பிள்ளை.

கொம்பிறெசன் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தயாரிப்பாளர் சொன்ன அளவு உண்டு. பொதுவாக, நல்ல பெற்றோல் எஞ்சினில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை பார்க்கலாம். பழைய டீசல்களில் 400ஐச் சுற்றி இருக்கும். 300க்குக் கீழே போன டீசல் மார்கழிக் காலையில் ஸ்ரார்ட் எடுக்க அழும். அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாலும் 160 காட்டும் எஞ்சின், மூன்றில் 190உம் ஒன்றில் 140உம் காட்டும் எஞ்சினைவிட நல்லது. பல மாதம் கிடந்த எஞ்சினில் றிங் ஒட்டிக்கொண்டு முதலில் குறைவாகக் காட்டலாம். கொஞ்சம் ஒயில் விட்டு ஓர் இரவு வைத்து மறுநாள் பாருங்கள்.

என் காரில் 1 என்.இசட். எஞ்சின். எந்த 1 என்.இசட்டும் சரிவருமா?

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். பெயர் ஒன்று என்றாலும் உள்ளுக்குள் வித்தியாசம் உண்டு. முந்திய மொடல்களில் அக்சிலேற்றர் கேபிளால் இழுபடும், பிந்தியவற்றில் மின்சாரத்தால் திறக்கும். கேபிள் கார் உங்களுடையது என்றால், மின்சாரத் திரொட்டில் வந்த எஞ்சினுக்கு உங்கள் பழைய இன்ரேக்கையும் சென்சர்களையும் மாற்றிப் போட வேண்டும். நாலு சக்கர இழுவைக் காரில் இருந்து வந்ததற்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பும் மவுண்டிங்கும் வேறாக இருக்கலாம். முந்திய அக்குவாவிலும் பிரியஸிலும் வந்த ஹைபிரிட் எஞ்சினும் பார்க்க அதே முகம்தான், பெயரில் ஓர் எழுத்துத்தான் கூட. அதன் உள்வேலை வேறு. அதைச் சாதாரண விட்ஸில் போட முடியாது.

டீசலிலும் அப்படியே. 2சி, 3சி என்று சொல்லி விற்பார்கள். பின்னால் "ஈ" என்ற எழுத்துச் சேர்ந்திருந்தால் டீசல் பம்பை மின்சாரம் கட்டுப்படுத்துகிறது. கொம்பியூட்டர் பெட்டியும் வயரிங்கும் சேர்ந்து வராவிட்டால் அந்தப் பம்ப் உங்களுக்கு உதவாது.

உங்கள் காரின் செசி இலக்கத்தையும் பழைய எஞ்சினின் நாலு பக்கப் படத்தையும் ஃபோனில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொக்கெற்றாக ஒப்பிடுங்கள். "பொருந்தும் தம்பி, கொண்டு போங்கோ" என்ற சொல்லோடு ஏற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் வாங்குவதா, பஞ்சிகாவத்தைக்குப் போவதா?

தெரிவு கொழும்பில்தான் அதிகம். பஞ்சிகாவத்தையில் ஒரே எஞ்சினை நாலு கடையில் ஒப்பிடலாம். ஆனால் பிழைத்துப்போனால் 400 கிலோமீற்றர் திரும்பக் கொண்டுபோக வேண்டும், லொறிச் செலவு உங்களுடையது. இங்கே ஸ்ரான்லி வீதிப் பக்கம் கேட்டால் எடுப்பித்தும் தருவார்கள். விலை கொஞ்சம் கூடினாலும் முகம் தெரிந்தவரிடம் வாங்குவதையே முதல்முறை மாற்றுகிறவர்களுக்கு நான் சொல்வேன்.

கொழும்பில் இருந்து லொறியில் ஏற்றினால் ரயர் ஒன்றின் மேல் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். தரையில் சம்ப் இடிபட்டு உள்ளே நசுங்கினால், ஒயில் உறிஞ்சும் சல்லடையை அது அடைத்துவிடும். வெளியே பார்த்தால் சின்ன நெளிவுதான். உள்ளே பெயறிங் ஒயில் இல்லாமல் எரியும். வந்திறங்கியதும் முதலில் சம்பைத்தான் தடவிப் பார்க்க வேண்டும். இன்ரேக், எக்ஸோஸ்ற் வாய்களைத் துணியால் அடைப்பதைவிட ரேப் ஒட்டுங்கள். துணி உள்ளே போய் மறந்துபோன எஞ்சினை நான் பார்த்திருக்கிறேன்.

உத்தரவாதம் தருவார்களா?

பொருத்திப் பார்க்கச் சில நாள் தருவார்கள். வாயால் சொன்னது போதாது. பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம், எத்தனை நாள், என்ன பழுதுக்கு மாற்றித் தருவார்கள், மாற்றமா அல்லது காசா என்பதெல்லாம் எழுதி வாங்குங்கள். நாட்களை ஏற்றிய நாளில் இருந்து எண்ணுகிறார்களா, ஸ்ரார்ட் செய்த நாளில் இருந்தா என்றும் கேளுங்கள். கராஜில் இடம் கிடைக்க இரண்டு கிழமை காத்திருந்து, உத்தரவாதம் முடிந்த பிறகு முதல் ஸ்ரார்ட் எடுத்தவர்கள் உண்டு.

எஞ்சின் வெளியே இருக்கும்போது வேறு என்ன மாற்ற வேண்டும்?

இப்போது கையெட்டும் தூரத்தில் இருந்து, பிறகு மாற்றப் போனால் மறுபடி எஞ்சினை இறக்க வேண்டி வருவது எதுவோ, அதையெல்லாம். கிராங்க் சீல் முன்னும் பின்னும், பெல்ற் உள்ள எஞ்சின் என்றால் ரைமிங் பெல்றும் ரென்சனரும், வோட்டர் பம்ப், மனுவல் என்றால் கிளச் பிளேற்றும் றிலீஸ் பெயறிங்கும். பெல்ற் பார்க்க நல்லதாக இருந்தாலும் மாற்றுங்கள். டீசலில் பெல்ற் அறுந்தால் வால்வு பிஸ்ரனில் அடிபட்டு ஹெட் போய்விடும். பின் சீல் சின்னச் சாமான், ஆனால் அதை மாற்ற முழு வேலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

றேடியேற்றர் பற்றிச் சொல்லிவிட்டேன். செம்பு றேடியேற்றர் என்றால் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்ரிக் தலை வைத்த அலுமினிய றேடியேற்றர் அடைத்திருந்தால் மாற்றுவதே வழி. ஹோஸ்களையும் றேடியேற்றர் மூடியையும் புதிதாகப் போடுங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120ஐ ஒட்டும்வரை தாங்குகிறது. மூடியின் றப்பர் காய்ந்தால் அந்த இருபது பாகையும் போச்சு.

உள்ளே விடுவது கூலன்ற். அடர்த்தியாக வாங்கினால் கலப்பதற்கு வடித்த நீர் பாவியுங்கள். பற்றறிக்கு விற்கும் அதே தண்ணீர்தான். அது கிடைக்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த தண்ணீரும் கிணற்றை விடப் பல மடங்கு நல்லது. வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டால் குற்றமில்லை. வீடு வந்ததும் திறந்து மாற்றிவிடுங்கள்.

எங்கள் வெயிலுக்குத் தேமோஸ்ரற்றைக் கழற்றிவிட்டால் நல்லதென்கிறார்களே?

இதை நல்ல மெக்கானிக்குகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பல எஞ்சின்களில், டொயோட்டாவில் முக்கியமாக, தேமோஸ்ரற்றுக்கு இரண்டு வேலை. சூடேறியதும் றேடியேற்றர் வழியைத் திறக்கும், அதே நேரம் றேடியேற்றருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். நல்லூரில் இருந்து சுன்னாகம் போய்வரும் சின்ன ஓட்டத்தில் இந்தக் குறை தெரியாது. நெடுந்தூரம், ஏசி, ஆட்கள் நிறைய என்று ஒரு பயணத்தில் தெரியும். மறுபக்கம், குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயிலில் ஈரம் சேரும். தேமோஸ்ரற் ஒட்டிக்கொண்டதால் சூடேறியது என்றால், புதியது போடுங்கள்.

முதல் ஸ்ரார்ட் எப்படி?

அவசரப்படாமல். முதல் நாள் இரவே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில துளி ஒயில் விட்டு வையுங்கள். புது ஒயில், புது பில்ரர். மறுநாள் பிளக் போடாமல், எரிபொருளை நிறுத்தி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ரார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். மாதக்கணக்கில் காய்ந்திருந்த பெயறிங்குக்கு ஒயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் நெருப்புக் காட்ட வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஹீற்றரைத் திறந்து வைத்துக் காற்றுக் குமிழ் எல்லாம் வெளியேறும்வரை கூலன்ற் நிரப்புங்கள். முதல் புகையைப் பார்த்துப் பதற வேண்டாம், விட்ட ஒயில்தான் எரிகிறது.

பிறகு ஊருக்குள் ஒரு சுற்று, கசிவு பார்த்து, அடுத்த நாள் ஆனையிறவு வரை போய் வாருங்கள். போக ஐம்பது கிலோமீற்றர் அளவு, நேர் வீதி, காற்றும் உண்டு. முள்ளில் கண் இருக்கட்டும். உத்தரவாதம் முடியும் முன்பே இந்த ஓட்டம் ஓடியிருக்க வேண்டும். 1,000 கிலோமீற்றரில் ஒயிலும் பில்ரரும் மறுபடி மாற்றுங்கள். கிடந்த எஞ்சினுக்குள் இருந்த அழுக்கெல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கும்.

எத்தனை நாள் எடுக்கும்?

சாமான் எல்லாம் கையில் இருந்தால் மூன்று, நாலு நாள். சாமான் தேடுவதுதான் நாளை இழுக்கும்.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். விற்றவரின் பற்றுச்சீட்டும், எஞ்சின் இறக்குமதியான சுங்க ஆவணப் பிரதியும் கேட்டு வாங்கி வையுங்கள். அதைத் தர மறுக்கிறவரிடம் எஞ்சின் வாங்க வேண்டாம், அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஹெட் இல்லாத கீழ்ப்பகுதியான அரை எஞ்சின் மாற்றினாலும் இலக்கம் புளொக்கில் இருப்பதால் இதே கதைதான். லீசிங் வாகனம் என்றால் முழு உரிமையாளர் அந்த நிதி நிறுவனம், ஆகவே முதலில் அவர்களின் சம்மதம். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். பலர் "பிறகு பாப்பம்" என்று விட்டுவிட்டு, விற்கும் நாளில் வாங்க வந்தவர் குனிந்து இலக்கத்தைப் பார்க்கும்போதுதான் தவிக்கிறார்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் செய்யும் புகைப் பரிசோதனைக்கு, எஞ்சின் மாற்றி ஒரு சில நூறு கிலோமீற்றர் ஓடி, ஒயில் எரிந்து முடிந்த பிறகு போங்கள்.

அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 இருக்கிறது. டீசல் எஞ்சின் போட்டால் ஓட்டலாம் என்கிறார்கள்.

போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். எரிபொருள் வகை மாறுவதையும் பதிய வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் போத்தலில் அளந்து விற்றபோது, இந்தக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஏ40 சொமர்செற்றின் கொம்பிறெசன் விகிதம் ஏழுக்குச் சற்று மேலேதான், அதனால்தான் அது தாங்கியது. இன்றைய எஞ்சின் தட்டித் தட்டி உடைந்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியது. அந்தக் காலம் தாண்டி வந்த பல எஞ்சின்கள் தேய்ந்தது அப்படித்தான். அதைப் பிரித்துப் போர் அடித்துச் சிலீவ் போடலாம், 1.2 லீற்றர் எளிமையான எஞ்சின். அப்பாவின் காரில் அந்தச் சத்தமும் இருக்கட்டும்.

பழைய எஞ்சினையும் வடித்த ஒயிலையும் என்ன செய்வது?

எஞ்சினை உடனே இரும்புக்குப் போடாதீர்கள். புதியது 1,000 கிலோமீற்றர் ஓடி, புத்தகமும் திருத்தி வரும்வரை மூலையில் இருக்கட்டும். ஒரு சென்சரோ பிராக்கெற்றோ கட்டாயம் தேவைப்படும். ஓல்ரனேற்றர், ஸ்ரார்ட்டர், டீசல் பம்ப் எல்லாம் தனித்தனியே விலை போகும்.

ஒயிலை மண்ணில் ஊற்ற வேண்டாம். வேலி ஓரம், வாய்க்கால், வளவுக் கோடி எதுவும் வேண்டாம். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே ஊற்றியது வடிகட்டாமலே கீழே போகும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பரலில் சேர்த்து வையுங்கள். பழைய ஒயில் எடுக்கிறவர்கள் வருவார்கள், உங்கள் கராஜில் அந்தப் பரல் இருக்கிறதா என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

பழைய கூலன்றை வாளியில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அது இனிக்கும், ஆடும் நாயும் வந்து குடிக்கும். கடும் நஞ்சு. மூடியுள்ள கானில் ஊற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.